எழுத்துருவைத் தொலைத்த ஏடுகள்

பழைய கணினி குறித்து நம் வீடுகளில் நிலவுகிற கருத்து மிக எளிமையானது. கோப்புகளைப் பென்டிரைவில் நகலெடுத்துக்கொள், பெட்டியை எடைக்குப் போடு, புதிதாக ஒன்று வாங்கு. ஆங்கிலத்தில் எழுதிப் பழகியவர்க்கு இந்த அறிவுரையால் பெருந்தீங்கு ஏதும் நேர்ந்துவிடாது. 1998இல் தட்டச்சு செய்த ஆங்கிலக் கடிதம் இன்றும் ஆங்கிலக் கடிதமாகவே திறக்கும். ஆனால் 1990களிலும் 2000களின் முற்பகுதியிலும் தமிழில் கணினியேறியவர்களுக்கு இதே அறிவுரையை வழங்குவது, ஓலையை வைத்துக்கொண்டு எழுத்தைச் சுரண்டி எறி என்று சொல்வதற்கு ஒப்பாகும். மிகையாகத் தோன்றினும் சொல்லத்தான் வேண்டியிருக்கிறது. பழைய கணினியில் காணாமற்போன தமிழ் மென்பொருளை முதலில் அந்தக் கணினியிலேயே மீட்டு நிறுவ வேண்டும், மற்றவை பிறகு என்பதே நம் கட்சி.

இக்கருத்து ஏட்டிலிருந்து வந்ததன்று, பக்கத்து வீட்டிலிருந்து வந்தது. அங்கே ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர் இருக்கிறார். வயது எழுபத்தாறு. தாமிரபரணிப் பாசனத்து ஊர்களில் பணியாற்றிய காலத்தில் வயலிலும் களத்துமேட்டிலும் வழங்கிய சொற்களைக் குறிப்பேடுகளில் எழுதிவந்தவர். காரும் பிசானமும் விளைந்த காலத்துச் சொற்கள். மடைக்கும் மறுகாலுக்கும் உரியவை, கோட்டை, மரக்கால் என்னும் அளவைகளைச் சார்ந்தவை, மாட்டின் உறுப்புக்கும் ஏரின் உறுப்புக்கும் தனித்தனியே வழங்கியவை. கதிரறுக்கும் எந்திரம் வயலுக்குள் இறங்கியபின் சூடடிப்பு என்ற சொல்லுக்கே வேலையில்லாமற் போயிற்று. கி. ராஜநாராயணன் 1982இல் கரிசல் வட்டார வழக்கு அகராதியை வெளியிட்டாரே, அதுபோல் நஞ்சை நிலத்துக்கும் ஒன்று வேண்டும் என்பது ஐயாவின் நெடுநாள் எண்ணம். 2003இல் கணினி வாங்கி, கடைக்காரர் போட்டுக்கொடுத்த தமிழ் மென்பொருளில் தாமே இரண்டு விரல்களால் தட்டி, எட்டு ஆண்டுகளில் நாலாயிரத்துக்கும் மேற்பட்ட சொற்களை ஏற்றி முடித்தார். நூலாக்க ஆள் கிடைக்கவில்லை. அது வேறு கதை.

கணினி மெதுவாகிவிட்டது என்று ஒருமுறை பழுதுபார்ப்பவர் ஒருவரை அழைத்திருக்கிறார். அவர் தம் வழக்கப்படி ‘ஃபார்மட்’ அடித்து விண்டோஸ் எக்ஸ்பியை மறுபடி நிறுவிவிட்டுப் போனார். டி பகுதியில் இருந்த கோப்புகள் தப்பின. சி பகுதியில் இருந்த தமிழ் மென்பொருள் எழுத்துருக்களோடு சேர்ந்து மறைந்தது. மறுநாள் காலை மதிலுக்கு அந்தப் பக்கமிருந்து குரல் வந்தது. “தம்பி, சொல்லெல்லாம் இங்கிலீசா மாறிட்டு. கொஞ்சம் வந்து பாருங்க.”

மாறவில்லை, மாறியது போலத் தெரிகிறது என்பதை அவருக்கு விளக்க ஒரு பொழுது ஆயிற்று. திரையில் ‘தமிழ்’ என்ற சொல் நிற்க வேண்டிய இடத்தில் ஜே, கே, பி, ஓ என்னும் நான்கு ஆங்கிலச் சிற்றெழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியும் நின்றன. கோப்புக்குள்ளே என்றைக்குமே இருந்தவை அவைதாம். பழைய தட்டச்சுப்பொறியின் விசை வரிசையைப் பின்பற்றிய எழுத்துருக்களில், ஆங்கில ஜே இருக்கும் அறையில் தகரத்தின் வடிவத்தை வரைந்து வைத்திருப்பார்கள், கே அறையில் மகரத்தை, ஓ அறையில் ழகரத்தை. அரைப்புள்ளியின் அறையில் நம் மெய்ப்புள்ளி. பாமினி எழுத்துருவைப் பயன்படுத்தியவர்கள் இதை நன்கறிவார்கள். கணினியைப் பொறுத்தவரை அது பொருளற்ற ஆங்கிலம். கண்ணைப் பொறுத்தவரை தமிழ். நடுவே எழுத்துரு என்னும் ஒரு மெல்லிய திரை. திரை விழுந்ததும் எட்டாண்டு உழைப்பு இரைச்சலாகிவிட்டது.

ஏன் இந்த நிலை என்று இளையோர் கேட்கிறார்கள். வரலாற்றைச் சுருக்கமாகச் சொல்வோம். இம்மடலைப் படிக்கிறவர்களில் பலர் திஸ்கி, டாப், டாம், யூனிகோடு வழக்குகளை நேரிலேயே கண்டவர்கள், அவர்கள் பொறுத்தருள்க. மலேசியாவில் முத்து நெடுமாறன் முரசு அஞ்சலை உருவாக்கினார். சுவிட்சர்லாந்திலிருந்து கு. கல்யாணசுந்தரம் மயிலை எழுத்துருவை இலவசமாகத் தந்தார், 1998 முதல் மதுரைத் திட்டத்தையும் நடத்தினார். ஈழத்தவரிடையே பாமினி பரவியது. தமிழ்நாட்டில் ஒவ்வொரு நிறுவனமும் தனக்கென ஓர் அறை ஒழுங்கை வகுத்துக்கொண்டது. சிலர் போட்டிக்காகவே வகுத்தார்கள் என்பதையும் மறைப்பதற்கில்லை. 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டை ஒட்டி டாம், டாப் என்னும் இரு தரங்களும் தமிழ்99 விசைப்பலகையும் வந்தன. 1991இல் வெளியான யூனிகோடின் முதற்பதிப்பிலேயே தமிழுக்கு இடம் இருந்தும், விண்டோஸ் 2000 வரும்வரை விண்டோஸ் பயனருக்கு அதனால் பயனில்லை. எக்ஸ்பியிலும் சிக்கல் எழுத்துகளுக்கான ஆதரவைத் தனியே தேர்ந்து, குறுந்தகட்டைச் செருகி நிறுவவேண்டியிருந்தது. இதை அறிந்த கடைக்காரர் எத்தனை பேர்? தமிழ்நாடு அரசு யூனிகோடை ஏற்று ஆணையிட்டது 2010 ஜூனில்தான். ஆக, 2003இல் கணினி வாங்கிய ஒரு தமிழாசிரியர் தனியார் எழுத்துருவில் எழுதியதில் வியப்பு ஒன்றுமில்லை.

ஐயாவின் மகன் பெங்களூரில் கணினித்துறையில் இருக்கிறார். புதிய மடிக்கணினி வாங்கித் தருகிறேன், இணையத்தில் மாற்றிகள் இருக்கின்றன, ஒரே நாளில் வேலை முடிந்துவிடும் என்றார். மாற்றிகள் இருப்பது உண்மை. சுரதாவின் பொங்குதமிழும் நியூ ஹொரைசன் மீடியாவின் என்.எச்.எம். கன்வெர்ட்டரும் தமிழுக்குச் செய்த தொண்டைக் குறைத்துச் சொல்ல நமக்கு மனம் வராது. ஆயினும் மூலத்தைக் கண்ணால் பார்க்காமல் மாற்றத்தை மட்டும் வைத்துக்கொள்வது பதிப்பு நெறிக்கு ஒவ்வாதது. இதைத் தமிழ் படித்த நாமே சொல்லாவிட்டால் வேறு யார் சொல்வார்கள்?

எங்கே இடறுகிறது என்று பாருங்கள். பழைய எழுத்துருக்கள் கண்ணுக்குத் தெரியும் வரிசையிலேயே எழுத்தைச் சேமிக்கும். ‘கொ’ என்பது ஒற்றைக்கொம்பு, ககரம், கால் என மூன்று துண்டு. யூனிகோடு ககரத்தை முதலில் வைத்து உயிர்க்குறியைப் பின்னால் வைக்கும். மாற்றி இவற்றை இடம் மாற்றி அடுக்கவேண்டும். அது பெரும்பாலும் சரியாகவே நடக்கும். ஆனால் பழைய முறையில் ஔகாரக் குறியின் பின்பாதிக்கும் ளகரத்துக்கும் ஒரே அறைதான். எனவே கொம்பு, வகரம், ளகரம் என்னும் வரிசையைக் கண்டால் மாற்றி திகைக்கிறது. ‘வெள்ளாமை’ என்ற சொல் ‘வௌ்ளாமை’ ஆகிறது. ‘வெளியீடு’ ‘வௌியீடு’ ஆகிறது. இதைத் தவிர்க்க மறுவிதி எழுதினால் ‘கௌதாரி’ ‘கெளதாரி’ ஆகிறது. இணையத்தில் இவ்விரு வகைப் பிழைகளையும் நாள்தோறும் காண்கிறோம். பலர் எழுதியவரின் அறியாமை என்று எண்ணிக்கொள்கிறார்கள். வேளாண் அகராதி ஒன்றில் வெள்ளாமை என்ற சொல்லே தேடலுக்கு அகப்படாமற்போனால் அந்த அகராதியை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

இன்னொன்று ரகர மெய். தட்டச்சுப்பொறியில் பயின்ற கைகள் ‘ர்’ என்பதற்குக் காலையும் புள்ளியையும் சேர்த்து அடித்தன. தாளில் வேறுபாடு தெரியாது. அதே பழக்கம் கணினிக்கும் வந்து, இன்றைய செய்தித்தாள்களின் இணையப்பக்கங்களில்கூட ‘அவா்’, ‘தமிழா்’ என்று காலுக்குப் புள்ளி வைத்த வடிவங்கள் மலிந்திருக்கின்றன. கண்ணுக்கு ஏறத்தாழ ஒன்றே. தேடுபொறிக்கு முற்றிலும் வேறு சொற்கள்.

இதைப் பார்க்கையில் நமக்குச் சுவடிப் பதிப்பின் நினைவு எழாமல் இராது. ஓலையில் புள்ளி இராது. ரகரமும் காலும் ஒன்றுபோலவே இருக்கும். எகர ஏகாரங்களையும் ஒகர ஓகாரங்களையும் இடம் நோக்கியே தெளிய வேண்டும். 1887இல் சீவக சிந்தாமணியை அச்சேற்றிய உ.வே.சாமிநாதையர் முன் இருந்த அதே ரகரமும் காலும், நூற்றிருபது ஆண்டு கழித்து, வன்தட்டு ஒன்றுக்குள் மறுபடி வந்து உட்கார்ந்திருக்கின்றன. ஒரே வேறுபாடு. ஐயரால் திருத்தக்கதேவரைக் கேட்க முடியாது. நாம் மதிலைத் தாண்டிப் போய்க் கேட்கலாம், இன்றைக்கு. ஒரு சொல்லில் இருப்பது காலா ரகரமா என்று அறிந்தவர் அந்தச் சொல்லைக் களத்தில் நின்று காதால் கேட்டவர் ஒருவரே. அவருக்கு எழுபத்தாறு என்று மேலே குறித்தோம். இடது கண்ணில் புரைநீக்கம் ஆகிவிட்டது, வலது கண் இன்னும் ஆகவில்லை. அவர் எழுதியபோது எந்த வடிவில் பார்த்தாரோ அந்த வடிவிலேயே திரையில் காட்டினால்தான் அவரால் பிழை சொல்ல முடியும். மாற்றி உமிழ்ந்த பக்கங்களை முதலில் நீட்டினால் எது தம் பிழை, எது எந்திரத்தின் பிழை என்று அவருக்கே தெரியாமற்போகும்.

ஆகவே அந்தக் கணினியையே உயிர்ப்பிப்பது என்று முடிவாயிற்று. செய்தவற்றை ஓரளவு சொல்லிவைக்கிறோம், யாருக்கேனும் உதவும். முதலில் வன்தட்டைக் கழற்றி, யு.எஸ்.பி. இணைப்பி ஒன்றின் வழியே முழுவதையும் வேறொரு தட்டுக்கு நகலெடுத்தோம். இதைச் செய்யாமல் பழைய கணினியில் எதையும் தொடலாகாது. தாய்ப்பலகையில் இருந்த 2032 எண் கொண்ட நாணய மின்கலம் செத்துப்போயிருந்தது. அதை மாற்றாதவரை ஒவ்வொரு முறையும் கணினி தன் தேதியை மறந்துவிடும், கோப்புகளின் காலவரிசையும் குழம்பும். இணையத்தில் இணைக்கவில்லை. எக்ஸ்பிக்கான பாதுகாப்பு 2014 ஏப்ரல் 8 அன்றே முடிந்துவிட்டது.

அடுத்து, தொலைந்தது எது என்று பிரித்தறிய வேண்டும். பலரும் “தமிழ் சாஃப்ட்வேர் போயிடுச்சு” என்று ஒரே சொல்லில் முடித்துவிடுகிறார்கள். உண்மையில் மூன்று பொருள்கள் ஒன்றாகக் கட்டி விற்கப்பட்டவை. வடிவங்களைத் தாங்கிய எழுத்துரு, விசைகளை எழுத்தாக்கும் நிரல், சில மென்பொருள்களில் தனிச் சொற்செயலி. படிப்பதற்கு எழுத்துரு ஒன்றே போதும். எந்த எழுத்துரு என்பதை வேர்ட் கோப்பே சொல்லிவிடும். எழுத்துரு கணினியில் இல்லாவிட்டாலும், சொல்லின்மீது சுட்டியை வைத்தால் மேலே உள்ள பெட்டியில் அதன் பெயர் தெரியும். பெயர் இல்லாத வெற்றுரைக் கோப்பானால் ‘தமிழ்’ போன்ற அடிக்கடி வரும் சொல்லைத் தேடலாம். ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி என்றால் பாமினி வழி. முக்கால் பின்னமும் சென்ட் குறியும் தலையில் கோடிட்ட ஐரோப்பிய எழுத்துகளும் கலந்து வந்தால் திஸ்கி.

மென்பொருளை விற்ற நிறுவனத்தின் குறுந்தகட்டு உறை கிடைத்தது, தகடு கிடைக்கவில்லை. உறையிலிருந்த தொலைபேசி எண்ணில் மணி அடிக்கவே இல்லை. கிடைத்திருந்தாலும் நிறுவுவதற்கு எண் கேட்கும். அந்தக் காலத்து மென்பொருள்கள் சில, கணினியின் பின்புறம் அச்சுப்பொறி செருகும் துளையில் ஒரு சிறு பூட்டைச் செருகினால்தான் திறக்கும். இன்றைய கணினிகளில் அந்தத் துளையே கிடையாது. திருட்டுக்கு அஞ்சிப் போட்ட பூட்டு, கடைசியில் விலை கொடுத்து வாங்கியவரையே வெளியே நிறுத்திவிட்டது. எழுத்துரு கடைசியில் எங்கே அகப்பட்டது தெரியுமா? பேருந்து நிலையத்துக்குப் பின்னால், திருமண அழைப்பிதழ் அடிக்கும் ஒரு டி.டி.பி. நிலையத்தில். அதன் உரிமையாளர் இன்னும் பேஜ்மேக்கரை விடாமல் வைத்திருப்பவர். பேஜ்மேக்கரின் கடைசிப் பதிப்பு 2001இல் வந்ததென்பதைப் பற்றி அவருக்குக் கவலையில்லை. தம் பழைய தகடுகளைக் கிளறி, அரைமணி நேரத்தில் எடுத்துக் கொடுத்தார். தேநீரும் வாங்கிக் கொடுத்தார். தமிழ்க் கணிமையின் ஆவணக்காப்பகம் எங்கே இருக்கிறது என்று யாரேனும் கேட்டால் நாம் இத்தகைய கடைகளைத்தான் காட்டுவோம்.

எழுத்துருவை அதற்குரிய கோப்புறையில் இட்டவுடன் பக்கங்கள் எழுந்து நின்றன. ஐயா கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு சற்றுநேரம் படித்தார். பிறகு, “பதிமூணாம் பக்கத்துல ஒரு ஒற்று விட்டிருக்கேன்” என்றார்.

இந்த வரிசையில் செய்ததால் மற்றொரு நன்மையும் விளைந்தது. சொல்லுக்குரிய பயிர், களைகளின் தாவரவியற் பெயர்களை ஐயா ஆங்கில எழுத்தில் அடித்திருந்தார். நாம் வழக்கம்போல் எல்லாவற்றையும் வெற்றுரையாக்கி மாற்றியில் ஊற்றியிருந்தால், ஆங்கிலப் பெயர்களும் தமிழாகக் கருதப்பட்டுப் படிக்கவொண்ணாத எழுத்துக்குவியலாகியிருக்கும். இரண்டும் ஒரே அறைகளில் குடியிருப்பவை அல்லவா? வேர்ட் கோப்பில் எந்தச் சொல் எந்த எழுத்துரு என்ற குறிப்பு இருப்பதால், தமிழ் எழுத்துருவில் உள்ளதை மட்டும் மாற்றச் சொல்ல முடிந்தது. மாற்றியபின் அகரவரிசைப்படுத்தும்போது மட்டும் எச்சரிக்கை வேண்டும். யூனிகோடின் அறை வரிசையில் னகரம் நகரத்துக்கு அடுத்து நிற்கிறது. தமிழ் வரிசை அறியாத நிரலிடம் அகராதியைக் கொடுத்தால் நெடுங்கணக்கே தலைகீழாகும். இப்போது பழைய திரையில் மூலம், புதிய மடிக்கணினியில் மாற்றுப்படி, நடுவே ஐயா. ஞாயிறுதோறும் இரண்டு மணி நேரம். உயிர்வரிசை முடிந்து ககரத்தின் பாதியில் இருக்கிறோம்.

நம் கவலை ஓர் அகராதியோடு நின்றுவிடவில்லை. பல்கலைக்கழகங்களின் தமிழ்த்துறை அலமாரிகளில், ஆய்வேட்டோடு இணைத்துக் கொடுக்கப்பட்ட குறுந்தகடுகள் எத்தனை கிடக்கும்? அவற்றில் எழுத்துருவையும் சேர்த்துப் பதிந்தவர் எத்தனை பேர்? ஷோத்கங்கா தளத்தில் பி.டி.எஃப். வடிவில் ஏற்றப்பட்ட தமிழ் ஆய்வேடுகளைப் பார்த்துப் பெருமைப்படுகிறோம். பழைய எழுத்துருவில் அமைந்த ஒன்றைத் திறந்து, ஒரு வரியை நகலெடுத்து வேறிடத்தில் ஒட்டிப் பாருங்கள். ஜே, கே, பி, ஓ வந்து விழும். படிக்கலாம், தேட முடியாது. தேட முடியாத ஆய்வேட்டை அடுத்த தலைமுறை ஆய்வாளன் எப்படிக் கண்டடைவான்? சிறுபத்திரிகைகளின் நிலை இதனினும் மோசம். அச்சுப்படி நூலகத்தில் இருக்கும் என்றாவது ஆறுதல் கொள்ளலாம். அச்சேறாத கதைகளும் கடிதங்களும்? எழுத்தாளர்களின் கடிதங்களைத் தொகுத்துப் பதிப்பிக்கும் பழக்கம் நம்மிடம் உண்டு. 1998க்குப் பின் கடிதங்கள் மெல்ல மெல்லக் கணினிக்குப் போயின. அந்தக் கணினிகள் எடைக்குப் போயின.

ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகமும் தமிழ் இணையக் கல்விக்கழகமும் தாள்களைக் காக்கும் பணியை வியக்காதவர் இல்லை. அவை எழுத்துருக்களையும் நூலாகவே கருதிச் சேர்க்க முன்வர வேண்டும் என்று விரும்புகிறோம். ஒவ்வொரு கல்லூரித் தமிழ்த்துறையிலும் இணையத்தோடு இணையாத ஒரு பழைய கணினி, நெகிழ்வட்டு ஓட்டியோடு, பூட்டு செருகும் துளையோடு, இயங்கும் நிலையில் இருக்க வேண்டும். செலவு அதிகமில்லை. பழைய இருப்புக் கழிவு ஏலத்தில் ஒன்றை விடாமல் நிறுத்தி வைத்தாலே போதும். காப்புரிமை பற்றிச் சிலர் கேட்பார்கள். விலை கொடுத்து வாங்கிய ஒருவர் தம் எழுத்தைத் தாமே படிப்பதற்கு எழுத்துருவைப் பெறுவதில் நியாயக் குறைவு எதையும் நாம் காணவில்லை. விற்பதை நிறுத்திவிட்ட நிறுவனங்கள் தாமாகவே எழுத்துருக்களையும் அறை அட்டவணைகளையும் பொதுவில் வைத்துவிட்டால் இந்தக் கேள்வியே எழாது. வணிகம் முடிந்துவிட்டது. பூட்டு மட்டும் எதற்கு?

ஐயாவின் தொகுப்பில் இன்னும் பதினொரு கோப்புகள் திறக்கப்படாமல் இருக்கின்றன. மாட்டு நோய்களும் மருந்துகளும் பற்றியவை. கணினி பழுதாகியிருந்த சில மாதங்களில் வெளியே கொடுத்து அடித்து வாங்கியவை. எழுத்துருவின் பெயர் பெட்டியில் தெரிகிறது. அழைப்பிதழ்க் கடைக்காரர் அப்படியொரு பெயரைக் கேள்விப்பட்டதில்லை. அடித்துக் கொடுத்த நிலையம் இருந்த இடத்தில் இப்போது கைப்பேசிக் கடை. அடிக்கடி வரும் குறித்தொடர்களை எண்ணி, எது ‘மாடு’, எது ‘வைக்கோல்’ என்று ஊகித்து, அறை அட்டவணையை நாமே வரைந்துகொண்டிருக்கிறோம். இதுவரை பத்தொன்பது எழுத்துகள் தேறியிருக்கின்றன.